ஜன்னலோரம், இரண்டு பேருக்கு

வாரத்தில் ஆறு நாளை மிரெல்லா யாருக்கு வேண்டுமானாலும் கொடுப்பாள். வியாழக்கிழமையை மட்டும் கேட்கக் கூடாது. அன்று காலை மிலான் நகரத்தின் லம்ப்ராத்தே ஸ்டேஷனுக்குப் போய், ஒரு டிக்கெட் வாங்கி, அதை நடைமேடையில் இருக்கும் முத்திரைப் பெட்டிக்குள் விட்டு, டக்கென்று தேதி விழுகிற சத்தத்தைக் கேட்ட பிறகுதான் அவளுக்கு மூச்சு சீராகும். ஒரு டிக்கெட், ஒரு கைப்பை. கூட ஒரு ஈ காக்கை கிடையாது.

வேகமாகப் போகிற ரயில்களை அவள் சீந்துவதே இல்லை. ஒவ்வொரு சின்ன ஊரிலும் நின்று, நின்றதற்குக் காரணமும் சொல்லாமல் கிளம்பும் பாசஞ்சர் ரயில்தான் அவளுக்கு. லோதி, கொதோஞ்ஞோ என்று ஊர்கள் வந்து போகும். நவம்பர் மூடுபனியில் வயல் எது, வானம் எது என்று தெரியாது. அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு மணி நேரம் வாயைத் திறக்காமல் வருவாள். அதைவிட முக்கியம், அந்த ஒரு மணி நேரம் யாரும் அவளிடம் எதையும் சொல்ல மாட்டார்கள்.

அறுபத்திரண்டு வயதில் ஒரு பெண்ணுக்கு இப்படி ஓர் ஆசை வருமா என்று கேட்பவர்கள், முப்பத்தாறு வருஷம் பெண்களுக்கு முடி வெட்டும் கடை நடத்திப் பார்க்க வேண்டும். கடைக்கு வருகிறவர்கள் தலையை மட்டுமா கொண்டு வருகிறார்கள்? மாமியார், மருமகள், மாடிவீட்டுக்காரி, பித்தப்பைக் கல் எல்லாவற்றையும் கொண்டு வந்து, முடி வெட்டுகிறவளின் காதில் கொட்டிவிட்டுப் போவார்கள். கடையை விற்றபோது மிரெல்லாவுக்குக் கைகூட அவ்வளவு ஓய்ந்து போகவில்லை, காதுதான் ஓய்ந்து போயிருந்தது. புருஷன் போய் ஆறு வருஷம் ஆகிறது. நல்ல மனிதர், ஆனால் அவரும் பேச்சுக்காரர்தான்.

அக்கா எர்மினியா இருக்கிறாளே, அவள் தனி ரகம். அதே கட்டடத்தில், சரியாக மிரெல்லாவின் வீட்டுக்குக் கீழ் வீடு. அறுபத்தெட்டு வயதில் இதுவரை ஒரு வேளைகூடத் தனியாகச் சாப்பிட்டதில்லை. பிறந்தபோது வீட்டில் ஏழு பேர், கல்யாணமான பிறகு ஒன்பது பேர். கணவர் இறந்த பிறகும் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், மாதா கோவில் சங்கத்துப் பெண்கள் என்று அவள் மேஜையில் எப்போதும் யாராவது இருந்தார்கள். யாராவது தனியாகச் சாப்பிடுகிறார்கள் என்று தெரிந்தால் போதும், அடுப்பை அணைத்துவிட்டு ஓடிப்போய் அவர்களைக் காப்பாற்றுவாள்.

அவளுக்கு மட்டும் விஷயம் தெரிந்தால் வியாழக்கிழமையின் கதை முடிந்தது. “ஐயோ பாவம், தனியாவா சுத்திட்டு இருந்தே?” என்று அடுத்த வாரமே வறுத்த கோழி, உருளைக்கிழங்கு ஆம்லெட், மூன்று பேரப்பிள்ளைகள் சகிதம் ஸ்டேஷனில் வந்து நிற்பாள். அதனால் மிரெல்லா ஒரு பொய் சொல்லி வைத்திருந்தாள். வியாழக்கிழமை நகரத்தின் மறுகோடியில் முழங்காலுக்கு வைத்தியம், தண்ணீரில் நடக்க வைக்கிறார்கள், நாள் முழுக்க ஆகிறது. ஊர் ஊராக நடந்ததில் முழங்கால் நிஜமாகவே தேறிவிட்டதால் பொய்க்கும் குறையில்லை.

ஊர் சுற்றுவது சுலபம். மத்தியானம் சாப்பிடுவதுதான் கஷ்டம். எங்கள் நாட்டில் ஒற்றை ஆளாக ஓட்டலுக்குள் நுழைந்து பாருங்கள். “ஒருத்தர்தானா?” என்று கேட்கிற கேள்வியிலேயே துக்கம் விசாரிக்கிற தொனி வந்துவிடும். கழிப்பறைக் கதவுக்குப் பக்கத்தில், கோட்டு மாட்டுகிற கம்பத்துக்குக் கீழே ஒரு மேஜை காட்டுவார்கள். அது பரவாயில்லை என்று உட்கார்ந்தால், பக்கத்து மேஜைக்காரர்களுக்குப் பொறுக்காது. பாவியா என்ற ஊரில் முதல் வாரமே ஒரு நிலஅளவையாளர் குடும்பம் அவளைத் தங்கள் மேஜைக்கு இழுத்துக்கொண்டது. முடி வெட்டுகிறவள் என்று தெரிந்ததும் மூத்த மருமகள் தலையைக் குனிந்து, உச்சியில் முடி கொட்டுகிற இடத்தைக் காட்டினாள். மிரெல்லா அன்று பிசைந்த அரிசிச் சோற்றின் ருசியே தெரியாமல் வீடு திரும்பினாள்.

அதன் பிறகுதான் வழி கண்டுபிடித்தாள். முதல் நாளே போன் செய்து, “ஜன்னலோரம், இரண்டு பேருக்கு” என்று மேஜை சொல்லி வைப்பது. போய் உட்கார்ந்து பத்து நிமிஷம் கடிகாரத்தைப் பார்ப்பது. ஒரு பெருமூச்சு விட்டு, “அவருக்கு வேலை வந்துடுச்சு போல, நான் ஆரம்பிச்சுடறேன்” என்பது. வரப்போகிற ஒருவருக்காகக் காத்திருக்கிறவளை யாரும் காப்பாற்ற வர மாட்டார்கள். எதிர் நாற்காலி காலியாக இருக்கும், கோட்டை அதில் போட்டுக்கொண்டு நிம்மதியாகச் சாப்பிடலாம். லோதியில் பலித்தது, விஜேவானோவில் பலித்தது, பியாச்சென்சாவிலும் பலித்தது. ஊர் மாற்றி ஊர் போகிறவரைக்கும் அது பழுதில்லாத திட்டம்.

கிரெமோனாவில்தான் நாக்கு அவளைக் கவிழ்த்தது. தேவாலயச் சதுக்கத்துக்குப் பின்தெருவில் ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடை. மருபீனி என்ற, இறைச்சி அடைத்த சின்னச் சின்ன மாவுக் கொழுக்கட்டைகளைக் கொதிக்கிற சூப்பில் மிதக்கவிட்டுக் கொடுத்தார்கள். ஒரு கரண்டி வாயில் வைத்ததும் அடுத்த வாரமும் இங்கேதான் என்று முடிவு செய்தாள். அடுத்த வாரம் போனாள், அதே மேஜை, அதே பெருமூச்சு. அதற்கடுத்த வாரமும் போனாள். ஒரே கடையில் மூன்று வியாழன் வராமல் போகிற ஆளைப் பற்றி கடை என்ன நினைக்கும் என்று அவள் யோசிக்கவில்லை. இத்தனை வருஷம் ஊர் வாயைக் கேட்டவள் அதை யோசித்திருக்க வேண்டும்.

மூன்றாவது வியாழன் அவள் கதவைத் திறந்ததுமே கடைக்காரி நீவெஸ் இடுப்பில் கைவைத்து நின்றாள். ஐம்பது வயது, உரத்த குரல், யார் கஷ்டத்தையும் தன் கஷ்டமாக எடுத்துக்கொள்கிற சுபாவம்.

“இன்னைக்காவது வருவாராம்மா அந்தப் பெரிய மனுஷன்?”

“வரேன்னுதான் சொன்னாரு,” என்றாள் மிரெல்லா, கோட்டைக் கழற்றிக்கொண்டே.

“போன வாரமும் அதான் சொன்னாரு. நான் சொல்றேன்னு தப்பா எடுத்துக்காதீங்க. உங்கள மாதிரி ஒரு பொம்பளைய இப்படிக் காக்க வெக்கிறவன் மருபீனி சாப்பிட லாயக்கில்ல.”

அடுத்த மேஜையில் விதைக்கடை ஒரெஸ்தே இருந்தார். எண்பது வயது, தினமும் அங்கேதான் சாப்பாடு. அவர் தன் ஒயின் ஜாடியை எடுத்து, கேட்காமலே மிரெல்லாவின் கிளாஸில் ஊற்றினார். “கல்யாணமானவனா இருப்பான்,” என்றார் நீவெஸ்ஸிடம், மிரெல்லா அங்கே இல்லாத மாதிரி. “வியாழக்கிழமைன்னா நிச்சயம் கல்யாணமானவன்தான்.”

“எனக்கும் அதே சந்தேகம்தான்,” என்றாள் நீவெஸ்.

மிரெல்லாவுக்குச் சிரிப்பு ஒரு பக்கம், எரிச்சல் ஒரு பக்கம். தனியாகச் சாப்பிடுவதற்காகக் கண்டுபிடித்த ஆளே இப்போது கடை முழுக்கப் பேச்சாகிவிட்டான். வேறு ஊர் பார்க்க வேண்டியதுதான் என்று நினைத்தபடி கரண்டியை எடுத்தாள். சூப்பின் ஆவி முகத்தில் பட்டது. முதல் மருபீனி வாய்க்குள் போகிற நேரத்தில் கதவு திறந்தது.

ஞாயிற்றுக்கிழமைக் கோட்டு, தங்கத் தோடு, கையில் குடை. எர்மினியா வாசலில் நின்று ஒவ்வொரு மேஜையாகப் பார்த்தாள்.

மிரெல்லா மருபீனியை மெல்லாமலே விழுங்கினாள். நீவெஸ்ஸோ வந்தவளையும் மிரெல்லாவின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்து, என்ன புரிந்ததோ, எதிர் நாற்காலியில் கிடந்த கோட்டை எடுத்துக்கொண்டு, “வாங்கம்மா, வாங்க, உக்காருங்க. யாராவது வந்தீங்களே, அதுவே போதும்,” என்றாள். ஒரெஸ்தே எழுந்து தலை வணங்கினார். மூன்று வாரமாகக் காலியாக இருந்த நாற்காலி நிறைந்ததில் கடைக்கே ஒரு நிம்மதி.

எர்மினியா உட்கார்ந்தாள். முதலில் மேஜைக்கு அடியில் குனிந்து பார்த்தாள்.

“எங்கடி அவரு?”

“யாரு?”

“யாரா? நேத்து என் வீட்ல காப்பி குடிச்சிட்டு, துணி எடுக்க மாடிக்கு ஓடினியே, அப்ப உன் போன் அடிச்சுது. நான் எடுத்தேன். கிரெமோனாவுலேர்ந்து ஒரு அம்மா, ‘நாளைக்கு ஜன்னலோரம் ரெண்டு பேருக்குத்தானே, அந்த ஆளு இந்தத் தடவையாவது வருவாரா’ன்னு கேக்குறா. முழங்கால் வைத்தியம் கிரெமோனாவுல ரெண்டு பேருக்கா நடக்குது?”

“அப்பவே கேட்டிருக்கலாமே.”

“கேட்டா நீ சொல்லியிருப்பியாக்கும். அதான் உன் ரயில்லயே கடைசிப் பெட்டியில ஏறி வந்தேன். டிக்கெட்ல முத்திரை குத்தணும்னு மறந்துட்டேன், செக்கர்கிட்ட லோதிலேர்ந்து கொதோஞ்ஞோ வரைக்கும் பேச வேண்டியதாப் போச்சு. கடைசியில அவரு பேனாவால தேதி எழுதிட்டு ஆளை விட்டா போதும்னு போயிட்டாரு. சரி, சொல்லு. எனக்கு ஒண்ணும் கோவம் இல்ல. நல்ல ஆளா இருந்தா ஞாயித்துக்கிழமை சாப்பாட்டுக்குக் கூட்டிட்டு வா. என்ன வேலை? பொண்டாட்டி இருக்காளா?”

எர்மினியாவின் முகத்தில் அப்படி ஒரு ஆவல். மிரெல்லா ஒரு நிமிஷம் தடுமாறினாள். ஒரு பல் டாக்டரையோ ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியரையோ சொல்லிவிட்டால் தப்பித்துவிடலாம். காதலனை இந்தக் குடும்பம் மன்னிக்கும், இரண்டு வாரத்தில் அவன் சட்டை அளவுகூடக் கேட்கும். தனிமையைத்தான் மன்னிக்காது. ஆனால் பல் டாக்டர் வந்தால் அவரையும் ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குக் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். அதுவும் போக, அக்காவிடம் கண்ணைப் பார்த்து இன்னொரு பொய் சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை.

“யாரும் இல்லக்கா,” என்றாள். “நான் மட்டும்தான். எப்பவும் நான் மட்டும்தான். ரெண்டு பேருன்னு சொன்னாத்தான் நல்ல மேஜை குடுப்பாங்க, பக்கத்துல இருக்கிறவங்க தொல்லை பண்ண மாட்டாங்க.”

ஒரெஸ்தே தன் ஒயின் கிளாஸை மெதுவாகக் கீழே வைத்தார்.

“தனியாவா?” என்றாள் எர்மினியா. “வாரா வாரமா? ஐயோ, என் தங்கமே. ஏன்டி எங்கிட்ட சொல்லல? அடுத்த வாரத்துலேர்ந்து நான் வரேன். சின்னவனுக்கு வியாழக்கிழமை மத்தியானம் ஸ்கூல் இல்ல, அவனையும்—”

“வேண்டாம்க்கா.”

“என்ன வேண்டாம்?”

“நீ வர வேண்டாம். எனக்குத் தனியாப் போறதுதான் புடிச்சிருக்கு. கதியில்லாம தனியா வரல. ஆசைப்பட்டு வரேன். ஆறு நாளும் எல்லாரையும் கேக்கறேன். இந்த ஒரு நாள் யாரையும் கேக்க வேண்டியதில்ல. உன்னையும்தான்.”

கடைசி வார்த்தையைச் சொல்லியிருக்க வேண்டாம். சொல்லிவிட்டாள், அதுதான் உண்மையும்கூட.

எர்மினியா எதிரில் இருந்த தட்டையும் துணியையும் கிளாஸையும் பார்த்தாள். “வாராவாரம் எதிர்ல ஒரு நாற்காலி போட வெச்சே,” என்றாள் மெதுவாக. “தட்டு கூட வெக்கச் சொன்னே. ஒரு மாடி கீழ நான் இருக்கேன். வராத ஒருத்தனுக்கு வெக்கிற தட்டு எனக்கு இல்லையாடி?”

நீவெஸ் அதற்குள் எர்மினியாவின் முன்னால் மருபீனி கொண்டு வந்து வைத்திருந்தாள். எர்மினியா நான்கு வாய் சாப்பிட்டாள். பிறகு கரண்டியை வைத்துவிட்டு எழுந்தாள். தட்டில் மிச்சம் வைத்து அவள் எழுந்ததை மிரெல்லா வாழ்க்கையில் முதல் தடவையாகப் பார்த்தாள்.

“ரெண்டு மணிக்கு ஒரு ரயில் இருக்குன்னு அந்த செக்கர் சொன்னாரு. நான் போறேன்.”

“கொஞ்சம் இரு அக்கா, நானும் வரேன்.”

“எதுக்கு? உக்காந்து சாப்பிடு. உன் நாள் இது.” குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

பாதி எழுந்த மிரெல்லா மறுபடி உட்கார்ந்தாள். மருபீனி ஆறிப் போயிருந்தது. நீவெஸ் வந்து எதிர் நாற்காலியில், எர்மினியா விட்ட இடத்திலேயே, பொத்தென்று உட்கார்ந்தாள்.

“அப்ப அந்த ஆளே கிடையாதா?”

“கிடையாது.”

“மூணு வாரமா நான் இல்லாத ஒருத்தனைத் திட்டிக்கிட்டிருந்தேனா? என் புருஷன்கிட்டகூட, நீயும் அந்த வியாழக்கிழமைக்காரன் மாதிரின்னு சண்டை போட்டேனே.” கொஞ்ச நேரம் மேஜைத் துணியை நீவிவிட்டாள். “நேரா கேட்டிருக்கலாமேம்மா. ஒத்தை ஆளுன்னாலும் ஜன்னலோரம் குடுத்திருப்பேனே.”

“குடுத்திருப்பீங்களா?”

நீவெஸ் நிஜமாகவே யோசித்தாள். நேர்மையான பெண். “இல்ல,” என்றாள். “கோட்டுக் கம்பத்துக்கிட்டதான் போட்டிருப்பேன். ஒரெஸ்தே ஐயா கூடச் சேர்த்து உக்கார வெச்சிருப்பேன்.”

“நான் நல்லாப் பேசுவேன்,” என்றார் ஒரெஸ்தே.

மிரெல்லா சிரித்துவிட்டாள். ஆனால் திரும்பி வரும் ரயிலில் சிரிப்பு தங்கவில்லை. அன்று பெட்டியில் அவளைத் தவிர ஆளே இல்லை. அவள் ஆசைப்பட்ட அமைதி அத்தனையும் கிடைத்தது, ஒரு நிமிஷம்கூட அதை அனுபவிக்க முடியவில்லை.

எர்மினியாவுக்குக் காப்பிக்குக் கூப்பிட ஒரு வழக்கம் உண்டு. துடைப்பக் கட்டையால் தன் வீட்டுக் கூரையை மூன்று தடவை தட்டுவாள், மேலே மிரெல்லாவின் சமையலறைத் தரை அதிரும். வெள்ளிக்கிழமை தரை அதிரவில்லை. சனிக்கிழமையும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு மிரெல்லா தானே இறங்கிப் போனாள். தட்டு இருந்தது, வறுத்த இறைச்சி இருந்தது, “உப்பு வேணுமா” என்ற கேள்வி இருந்தது. அதற்கு மேல் எர்மினியா மூச்சுக் காட்டவில்லை. பேரப்பிள்ளைகள்கூட அடக்கிப் பேசினார்கள். வாழ்நாளெல்லாம் அக்கா கொஞ்சம் வாயை மூட மாட்டாளா என்று ஏங்கியவளுக்கு, அந்த வீட்டு அமைதி கல்லைத் தூக்கி நெஞ்சில் வைத்த மாதிரி இருந்தது. வியாழக்கிழமையை விட்டுக்கொடுத்துவிடலாம் என்று திங்கட்கிழமை தோன்றியது. செவ்வாய்க்கிழமை, முடியாது என்று தோன்றியது. விட்டுக்கொடுத்தால் அக்காவைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்குக் கோபம்தான் வரும். அதைவிட இந்த வருத்தமே மேல் என்று நினைத்தாள்.

புதன்கிழமை மத்தியானம் கதவு தட்டப்பட்டது. எர்மினியா படியேறி வந்து மூச்சு வாங்க நின்றாள். உள்ளே வந்து, சமையலறையில் உட்கார்ந்து, காப்பி வரும்வரை காத்திருந்தாள்.

“அன்னைக்கு ரயில்ல என் எதிர்ல யாருமே இல்ல,” என்று ஆரம்பித்தாள். “முதல்ல அழுதேன், சொல்லிடறேன். உன்னைத் திட்டி அழுதேன். அத்தா ஆத்துப் பாலம் வந்துச்சு பாரு, அங்க மூடுபனி கொஞ்சம் விலகிச்சு. தண்ணி தெரிஞ்சுது. ‘அதோ பாரு’ன்னு சொல்லத் திரும்பினேன். சொல்ல ஆள் இல்ல. சரின்னு நானே பார்த்தேன்.”

மிரெல்லா காப்பியைக் கலக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“அப்புறம் ஷூவைக் கழட்டிட்டுக் காலை எதிர் சீட்ல வெச்சேன். யாரும் ஒண்ணும் சொல்லல. எனக்குப் பசிக்குதான்னு யாரும் கேக்கல, யாருக்குப் பசிக்குதுன்னு நானும் கேக்கல. மிரெல்லா, எனக்கு அறுபத்தெட்டு வயசு. ஒரு மணி நேரம் யாருக்கும் பசிக்காம இருந்து நான் பார்த்ததே இல்லடி.” காப்பியைக் குடித்தாள். “கோவம் தீர நாலு நாள் ஆச்சு. இன்னும் கொஞ்சம் இருக்கு. ஆனா வெள்ளிக்கிழமை நான் வரென்னாங்கிற ஊருக்குப் போலாம்னு இருக்கேன். ஏரி பார்க்க. எந்த ரயில், எந்தப் பக்கம் உக்காரணும், அதை மட்டும் சொல்லு.”

“தனியாவா?” என்றாள் மிரெல்லா. வார்த்தை தன்னால் வந்தது. அதைத் தொடர்ந்து மற்றதும் வந்தது. “இந்தப் பனியில ஏரிக்கரைப் படியெல்லாம் வழுக்குமேக்கா. வெள்ளிக்கிழமை எனக்கு ஒரு வேலையும் இல்ல. நானும் வரேன்.”

எர்மினியா கோப்பையைத் தட்டில் வைத்தாள்.

“வேண்டாம்,” என்றாள். “நீ வராத.”

மிரெல்லாவுக்குச் சுருக்கென்றது. அக்காவுக்கு எதிரில் ஒரு நாற்காலி இருக்கும், அது தனக்கில்லை. கிரெமோனாவில் அந்தத் தட்டுக்கு முன்னால் எர்மினியா விழுங்கியது இதைத்தான் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. மன்னிப்புக் கேட்கலாமா என்று பார்த்தாள். அக்காவின் முகத்தில் மன்னிப்புக்கான எதிர்பார்ப்பு எதுவும் இல்லை. ரயில் நேரத்துக்குத்தான் காத்திருந்தாள்.

“லம்ப்ராத்தேயில ஏறாத, பெரிய ஸ்டேஷனுக்குப் போயிடு,” என்றாள் மிரெல்லா கடைசியில். “எட்டு இருபது ரயில். இடது பக்கம் உக்காரு. லெக்கோ தாண்டினதும் ஏரி வரும், கூடவே வரும். யாராவது பேச்சுக் குடுத்தா, தூங்குற மாதிரி கண்ணை மூடிக்க.”

“நீ அப்படித்தான் பண்ணுவியா?”

“ஆமா.”

எர்மினியா அவளையே பார்த்தாள். “போன கிறிஸ்மஸுக்கு, நான் சின்னவன் டான்சிலைப் பத்திச் சொல்லிட்டிருக்கும்போது, என் சோபாவுல கண்ணை மூடிக் கிடந்தியே. அது?”

மிரெல்லா காப்பியை இரண்டு தடவை கலக்கினாள். இனி அக்காவிடம் பொய் சொல்வதில்லை என்று போன வியாழக்கிழமை கிரெமோனாவில்தான் முடிவு செய்திருந்தாள்.

“டான்சில் வரைக்கும் முழிச்சுத்தான் இருந்தேன்,” என்றாள்.

எர்மினியா கோட்டுப் பையிலிருந்து ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்து, எட்டு இருபது, இடது பக்கம் என்று எழுதிக்கொண்டாள். எழுதும்போதே தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் படியிறங்கிப் போகும்போதும் அந்தச் சிரிப்பு கீழ்மாடி வரை கேட்டது. மிரெல்லா கதவைச் சாத்தாமல் அது அடங்கும்வரை நின்று கேட்டாள்.